பழைய ரேடியோ ஸ்பீக்கருக்கு ஒரு பெட்டி: என் தப்புக் கணக்கும் சரிக் கணக்கும்

போன வருஷம் பரணைக் காலி பண்ணும்போது அப்பாவின் பழைய வால்வு ரேடியோவை இறக்கினோம். மரப்பெட்டியைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. உள்ளே இருந்த சேசிஸ் முழுக்கத் துரு. உருப்படியாக மிஞ்சியது எட்டு இன்ச் ஸ்பீக்கர் ஒன்றுதான். காகிதக் கோனின் ஓரத்தில் இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். நடுவில் சின்னதாக இன்னொரு கோன். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 4.2 ஓம் காட்டியது. கோனை விரல்களால் மெதுவாக அழுத்தினால் உரசல் இல்லாமல் போய் வருது. உசிரோடதான் இருக்கு!

இதை வைத்து வீட்டிலேயே ஒரு ஹைஃபை ஸ்பீக்கர் செய்யலாம்னு ஆரம்பிச்ச கதைதான் இது. முதல் முயற்சி படுதோல்வி. கிட்டத்தட்ட அந்த ஸ்பீக்கரையே கெடுத்திருப்பேன். எங்கே தப்பு பண்ணினேன், எந்தக் கணக்கு காப்பாத்துச்சுன்னு வரிசையா எழுதி வைக்கிறேன்.

ஒரே கோன் எதுக்கு?

இன்றைக்குக் கடையில் கிடைக்கிற ஸ்பீக்கர் பெட்டிகளில் பெரும்பாலும் தாழ்ந்த சுருதிக்கு ஊஃபர், உச்ச சுருதிக்கு ட்வீட்டர் என்று இரண்டு இருக்கும். ஒலியை இரண்டாகப் பிரித்துக் கொடுக்க நடுவில் ஒரு கிராஸ்ஓவர். அந்தப் பிரிப்பு பொதுவாக 2000 - 3000 ஹெர்ட்ஸ் பக்கம் நடக்கும். நம் காது ரொம்பக் கூர்மையாக இருக்கிற பகுதியும் கிட்டத்தட்ட அதேதான். ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கரில் அந்த வெட்டு கிடையாது. குரல் முழுக்க ஒரே இடத்திலிருந்து வரும். பழைய ஃபுல் ரேஞ்ச் பைத்தியங்கள் உலகம் பூரா இருப்பதற்கு இதுதான் காரணம்.

நடுவில் இருக்கிற குட்டிக் கோனுக்கு விஸ்ஸர் என்று பெயர். இரட்டைக் கோன் யோசனையை 1930-களில் காப்புரிமை எடுத்துப் பிரபலமாக்கியவர் இங்கிலாந்தில் வேலை செய்த பால் வாய்ட். உச்ச சுருதியில் பெரிய கோனின் ஓரங்கள் சுருளோடு சேர்ந்து அசையாது. அப்போது லேசான குட்டிக் கோன் வேலையை எடுத்துக்கொள்ளும். நெதர்லாந்தின் பிலிப்ஸ் 9710 இந்த வகையில் பேர் போனது. அதில் 7 ஓம், 800 ஓம் என்று இரண்டு வகை உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்ளிஃபயருக்காகச் செய்தது 800 ஓம். அதைச் சாதாரண ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் முனகல்தான் கேட்கும். அதனால் பழைய சாமான் கடையில் எதை எடுத்தாலும் முதலில் மல்டிமீட்டர் வைங்க.

முதல் பெட்டி

கிழிசலை மெல்லிய டிஷ்யூ காகிதமும் தண்ணீர் கலந்த ஃபெவிகாலும் வைத்து ஒட்டினேன். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 20 லிட்டர் பெட்டி. காற்று ஒழுகாமல் நாலு பக்கமும் அடைத்தாச்சு. பெட்டி கெட்டியா, இறுக்கமா இருந்தா பேஸ் நல்லா வரும்னுதான் நானும் நம்பிக்கிட்டிருந்தேன்.

பாட்டுப் போட்டால் ஆண் குரல் எல்லாம் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருக்கு. மிருதங்கத்தில் எந்தச் சொல் விழுந்தாலும் ஒரே ‘தொம்’. ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். “ரொம்பப் பழசு சார், கோன் செத்துப்போச்சு. புதுக் கோன், புதுக் காயில் போட்டுடலாம்” என்றார். சரின்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு திரும்பி வந்துட்டேன்.

அப்பா பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். “ஏன்டா, ரேடியோவுக்குப் பின்னாடி இப்படியா அடைச்சிருந்துச்சு? ஓட்டை ஓட்டையா ஒரு அட்டைதானே இருந்துச்சு? பல்லி உள்ள போகுதுன்னு உங்கம்மா திட்டுவாளே!”

அந்த ஓட்டை அட்டை வால்வுச் சூடு வெளியே போகத்தான்னு இத்தனை நாளா நினைச்சிருந்தேன். ஸ்பீக்கருக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமோ? அளந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வீட்டிலேயே அளப்பது எப்படி

ஸ்பீக்கரும் பெட்டிக் காற்றும் சேர்ந்து எப்படி நடந்துகொள்ளும் என்பதை முறையான கணக்காக்கியவர் ஆஸ்திரேலியாவின் நெவில் தியெல். வருஷம் 1961. அடுத்த பத்தாண்டில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து எழுதினார். இன்றைக்கு ஸ்பீக்கரோடு வரும் தாளில் ‘தியெல் - ஸ்மால் அளவுகள்’ என்று இருப்பது இதுதான். அப்பாவின் ரேடியோக் காலத்து ஸ்பீக்கருக்கு அந்தத் தாள் கிடையாது. நாமே அளக்கணும்.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து 1000 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஸ்பீக்கருக்கு இணைப்பு. ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர், ஏசி மில்லிவோல்ட்டில். முதலில் ஸ்பீக்கருக்குப் பதிலாக 10 ஓம் ரெசிஸ்டரை வைத்து 50 மில்லிவோல்ட் வருகிற அளவுக்கு வால்யூமை வைக்கணும். அப்புறம் 5 மில்லிவோல்ட் என்றால் 1 ஓம் என்று நேராகப் படித்துக்கொள்ளலாம். ஸ்பீக்கரை மேசையில் கவிழ்க்காமல் காற்றில் செங்குத்தாகப் பிடிக்கணும். லேப்டாப்பில் ஒரு டோன் ஜெனரேட்டர். 20 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றினேன்.

78 ஹெர்ட்ஸில் மின்தடை உச்சிக்குப் போனது: 21 ஓம். இதுதான் கோனின் இயற்கையான ஒத்ததிர்வு. ஊஞ்சல் தானாக ஆடும் வேகம் மாதிரி.

அடுத்தது, அந்த ஊஞ்சலுக்கு எவ்வளவு பிரேக் இருக்கு என்பது. உச்சத் தடையை டிசி தடையால் வகுத்தால் 21 ÷ 4.2 = 5. அதன் வர்க்கமூலம் 2.24. தடை 4.2 × 2.24, அதாவது 9.4 ஓம் வருகிற இரண்டு இடங்களைத் தேடணும். எனக்கு 61.8, 98.5 ஹெர்ட்ஸில் வந்தது. வித்தியாசம் 36.7. இப்போது 78 × 2.24 ÷ 36.7 போட்டால் சுமார் 4.75. அதை 5-ஆல் வகுத்தால் 0.95. இதுக்குப் பேர் கியூ.

கியூ 0.7 என்றால் தாழ்ந்த சுருதி சமமாக வந்து அழகாக இறங்கும். அதற்கு மேலே போகப் போக ஒரு இடத்தில் திமில் மாதிரி வீங்கும். என் ஸ்பீக்கர் பெட்டியே இல்லாமல் 0.95-இல் நிற்கிறது.

20 லிட்டருக்குள் என்ன நடந்தது

அதே பெட்டிக்குள் மாட்டி மறுபடி அளந்தேன். ஒத்ததிர்வு 156 ஹெர்ட்ஸ். சரியாக இரண்டு மடங்கு!

அதிர்வெண் இரண்டு மடங்கு ஆகணும்னா விறைப்பு நாலு மடங்கு ஆகியிருக்கணும். அதில் ஒரு பங்கு கோனின் சொந்த விறைப்பு. மீதி மூணு பங்கு அடைபட்ட காற்று. அதாவது 20 லிட்டர் காற்று, கோனைவிட மூணு மடங்கு விறைப்பான ஸ்ப்ரிங்காக நிற்கிறது. கியூவும் அதே விகிதத்தில் இரட்டிப்பாகி 1.9 ஆயிடுச்சு. சூத்திரத்தில் போட்டால் 156 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலே சுமார் 6 டெசிபல் வீக்கம். ஆண் குரலின் அடிச்சுருதி புழங்குகிற இடத்துக்கு ரொம்பப் பக்கம் அது. குடத்துக்குள் பேசினதன் ரகசியம் இவ்வளவுதான்.

பெட்டியை எவ்வளவு பெரிதாக்கினாலும் கியூ 0.95-க்குக் கீழே இறங்காது. மூடிய பெட்டியே இதற்கு ஒத்துவராது. ஓட்டை வைத்த பேஸ் ரிஃப்ளெக்ஸ் பெட்டிக்குப் பொதுவாக 0.3 - 0.4 பக்கம் கியூ வேணும். அதுவும் இல்லை. ஸ்பீக்கர் சாகலை, திறந்த முதுகோடு வேலை செய்யப் பிறந்ததை நான்தான் மூச்சுத் திணற அடைச்சு வச்சிருந்தேன்.

திறந்த முதுகு

பின்பக்கம் திறந்திருந்தால் இன்னொரு சிக்கல். கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்குது. பின்னலை ஓரத்தைச் சுற்றி முன்னால் வந்து முன்னலையை அழித்துவிடும். அலை நீளமாக, அதாவது சுருதி தாழ்வாக ஆக அழிவும் கூடும். சுற்றி வருகிற தூரம் எவ்வளவு என்பதுதான் இங்கே முக்கியம். ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர். அதை அந்தத் தூரத்தின் 6 மடங்கால் வகுத்தால் இறக்கம் தொடங்கும் இடம் தோராயமாகக் கிடைக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 6 டெசிபல் குறையும்.

60 சென்டிமீட்டர் அகலப் பலகை என்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு 30. கணக்குப்படி 190 ஹெர்ட்ஸிலேயே இறக்கம் ஆரம்பிக்கும். பத்தாது. அதனால் இரண்டு பக்கமும் மேலேயும் பின்னோக்கி 25 சென்டிமீட்டர் மடிப்புச் சேர்த்தேன். தூரம் 55 ஆச்சு. இறக்கம் 105 ஹெர்ட்ஸ் பக்கம் போயிடுச்சு. மூடிய பெட்டியில் எதிரியாக இருந்த அந்த உயர்ந்த கியூ இங்கே கொஞ்சம் முட்டுக்கொடுக்குது.

எல்லா ஓரமும் சம தூரத்தில் இருந்தால் ஒரே சுருதியில் குழப்பம் குவியும் என்பதால் ஸ்பீக்கரை நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி மாட்டினேன். 25 சென்டிமீட்டர் ஆழக் கூடு 300 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாகக் கூவியது. உள்சுவரில் பழைய கம்பளியை ஒட்டியதும் கொஞ்சம் அடங்கியது. சுவரிலிருந்து முக்கால் மீட்டராவது தள்ளி வைக்கணும்.

செய்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் சிரிப்புதான் வந்தது. இது பின்பக்கம் திறந்த மரப்பெட்டி. அதாவது அந்தப் பழைய ரேடியோவின் கூட்டையே கொஞ்சம் பெரிசா மறுபடி செஞ்சிருக்கேன்!

என்ன வரும், என்ன வராது

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் இல்லை. சினிமா வெடிச்சத்தத்துக்கு இது ஆகாது. 2000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 17 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட கோனின் அகலம். அதற்கு மேலே ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி குறுகிவிடும். அதனால் நேர் எதிரே உட்கார்ந்து கேட்கணும். ஒற்றை ஸ்பீக்கர் என்பதால் மோனோதான். ஆனால் தம்புரா, வயலின், குரல் மூன்றும் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கு.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பழைய அல்னிகோ காந்தத்தைச் சுத்தம் பண்றேன்னு கழற்றாதீங்க. இரும்புக் கூட்டிலிருந்து பிரித்தாலே வலு குறையும். கியூ இன்னும் ஏறும். இரண்டு, அளக்காமல் கோனை மாற்றாதீங்க. எடையும் விறைப்பும் மாறினால் அது வேற ஸ்பீக்கர். பழையது திரும்பி வராது.

அப்பாவுக்கு இப்போது 81. மொபைலை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி வானொலிச் செய்தி வைத்தேன். முழுச் செய்தியும் கேட்டார். “வார்த்தை புரியுதுடா” என்றார். டிவி வைத்தால் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை “என்ன சொன்னான்?” என்று கேட்கிறவர். அம்மாவுக்கு மட்டும் ஹால் நடுவில் இப்படி ஒரு பலகை நிற்பதில் வருத்தம். பின்பக்கம் திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, பல்லி போகாதான்னு கேட்டாங்க.