கேஸ் தீர்ந்ததா, ஒழுகியதா?

நமது வர்த்தக சகோதரர்களில் வேனோ லொறியோ இல்லாமல் தொழில் செய்பவர்கள் இன்று குறைவு. கொழும்புக்குப் போய் சரக்கெடுப்பது, உம்ரா பயணிகளைக் கட்டுநாயக்கவுக்கு ஏற்றிச் செல்வது, மருந்தும் சொக்லட்டும் கடை கடையாக விநியோகிப்பது எல்லாமே வாகனத்தை நம்பித்தான். டயருக்கும் எஞ்சின் ஒயிலுக்கும் கொப்பி போட்டுக் கணக்கு எழுதுபவர்கள்கூட ஏ.சி.க்குச் செய்கின்ற செலவை எழுதுவதில்லை. "குளிர் இல்ல, கேஸ் அடிச்சம்" என்பதோடு அந்த விடயம் முடிந்து விடுகிறது.

கேஸ் என்பது பெற்றோலைப் போல எரிந்து தீர்கின்ற பொருளல்ல. கொம்பிரசர் அதனை அமுக்கிச் சூடாக்கி அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கின்ற கொண்டென்சரில் அது காற்றுப்பட்டு ஆறித் திரவமாகிறது. பின்னர் சிறியதொரு வால்வின் ஊடாகச் சென்று டேஷ்போர்ட்டுக்குள் இருக்கின்ற கூலிங் கொயிலில் கொதித்து, வாகனத்தின் உள்ளேயிருக்கும் சூட்டை இழுத்துக்கொண்டு மீண்டும் கொம்பிரசருக்கே வந்து சேருகிறது. ஆர்-134ஏ கேஸ் சாதாரண காற்றழுத்தத்தில் பூச்சியத்துக்குக் கீழே 26 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். அதனால்தான் குளிர் கிடைக்கிறது. ஆக, அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. றப்பர் குழாய்களாலும் சீல்களாலும் பல வருடங்களில் கொஞ்சம் கசிவது வழமை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குறைகிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் கரையோர ஊரொன்றில் வாடகை வேன் ஓட்டுகிறார். ஒரே வருடத்தில் நான்கு தடவை கேஸ் அடித்தார். கராஜில் ஒரு தடவையாவது ஒழுக்குப் பார்க்கவில்லை. ஐந்தாவது தடவை கொம்பிரசரே இறுகிவிட்டது. கொம்பிரசருக்கு உரிய ஒயில் கேஸோடு சேர்ந்தே ஓடுகிறது. கேஸ் ஒழுகும்போது ஒயிலும் போகிறது. கடைசியில் பார்த்தால், கடல் காற்றின் உப்புப் பிடித்துக் கொண்டென்சரின் கீழ் ஓரத்தில் ஊசி முனையளவு ஓட்டை. அந்த இடத்தில் ஒயில் பட்டுத் தூசி ஒட்டியிருந்தது. கண்ணுள்ள எவருக்கும் தெரியக்கூடிய அடையாளம் அது. கொண்டென்சரோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, கொம்பிரசர், டிரையர், குழாய்களைக் கழுவுவது என்று வளர்ந்தது. ஓட்டம் இல்லாமல் வேன் நின்ற நாட்கள் தனிக் கணக்கு.

முறையான வேலை இப்படித்தான் நடக்க வேண்டும். மிச்சமுள்ள கேஸை ஆகாயத்தில் விடாமல் மெஷினால் உறிஞ்சி எடுக்க வேண்டும். நைதரசன் ஏற்றி, சவர்க்கார நுரை தடவி ஒழுக்குத் தேட வேண்டும். கண்டுபிடித்துத் திருத்திய பின்னர் டிரையரை மாற்றி, வெக்யூம் பம்பை அரை மணித்தியாலமாவது ஓட விட வேண்டும். உள்ளே ஈரப்பதன் தங்கினால் அது வால்வில் உறைந்து அடைக்கும்; ஒயிலோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தையும் அரிக்கும். பம்பை நிறுத்திய பின்னர் மீட்டர் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நமது கராஜ்கள் பலவற்றில் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்து விடுகிறது!

அடுத்தது நிறுவை. கார்களுக்குப் பொதுவாக அரைக் கிலோவுக்கு முன்பின்னாகத்தான் கேஸ் செல்லும். சரியான கிராம் பொனட்டுக்குக் கீழே ஸ்டிக்கரில் எழுதப்பட்டிருக்கும். 100 கிராம் பிழைத்தால் ஐந்திலொரு பங்கு பிழைத்த மாதிரி. "மீட்டரப் பார்த்தா எங்களுக்குத் தெரியும் ஹாஜியார், தராசெல்லாம் எதுக்கு?" என்று ஒரு பாஸ் என்னிடமே கேட்டார். மீட்டர் காட்டுவது அழுத்தத்தை. அது வெயிலுக்கும் எஞ்சின் வேகத்துக்கும் ஏற்ப மாறும். காலையில் ஒன்று, நடுப்பகலில் ஒன்று. உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்பதைத் தராசு மட்டுமே சொல்லும். கூடிப்போனாலும் நட்டம்தான், குளிர் குறையும், கொம்பிரசர் திணறும், எண்ணெய்ச் செலவு ஏறும். நாம் கடையில் தராசுக்கு முத்திரை குத்தி, அரிசியை நிறுத்துக் கொடுக்கிறோம். சூரா முதஃப்பிபீன் எதைப் பற்றியது என்பதை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கேஸுக்கும் அது பொருந்தும்.

பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவற்றின் கொம்பிரசர் பெல்ட்டில் அல்ல, உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. அதற்கென்று மின்சாரம் கடத்தாத தனி ஒயில் உண்டு. சாதாரண வாகனத்துக்கு ஊற்றுகின்ற ஒயிலைக் கொஞ்சம் கலந்தாலே மின்காப்புப் பழுதாகி, வாகனம் எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும். எந்த ஒயில் என்று கேட்காமல் பொனட்டைத் திறக்க விடாதீர்கள்.

மலிவுக் கேஸ் விடயத்தில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிரூட்டிய கொள்கலன்கள் வெடித்து மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தனர். ஆர்-134ஏ என்ற பெயரில் மெதைல் குளோரைட் கலந்த போலிக் கேஸ் அவற்றில் ஏற்றப்பட்டிருந்ததே காரணம். அது அலுமினியத்தோடு தாக்கமுற்று, காற்றுப் பட்டதும் தீப்பற்றுகின்ற பொருளொன்றை உண்டாக்கும். வாகன ஏ.சி.யின் பெரும்பகுதி அலுமினியம்தான்.

விலை இறங்கும் என்று காத்திருப்பதும் வீண். புவி வெப்பமடைவதில் ஆர்-134ஏ, காபனீரொட்சைட்டை விட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலிமையானது. இதனால் 2016இன் கிகாலி திருத்தத்தை 2018இல் ஏற்றுக்கொண்ட இலங்கை, 2024 முதல் இத்தகைய கேஸ்களின் பாவனையை உறைநிலையில் வைத்து, 2029இல் 10 சதவீதம், 2045இல் 80 சதவீதம் என்று குறைக்க வேண்டியுள்ளது. புதிய ஜப்பான் வாகனங்கள் பலவற்றில் வருகின்ற ஆர்-1234வைஎப் கேஸோ பல மடங்கு விலை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறக்கப்பட்டது என்பதால், வீதியில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை வயதான வாகனங்கள். அவற்றின் குழாய்களும் வயதானவையே.

கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இதில் தொழில் இருக்கிறது. 13.6 கிலோ சிலிண்டர் ஒன்றில், காருக்கு 450 கிராம் வீதம் நிறுத்து ஏற்றினால் 30 கார்கள் வரும். கண்மட்டத்தில் ஏற்றுபவருக்கு எத்தனை வருமென்று அவருக்கே தெரியாது. எங்கள் பக்கத்துக் கராஜ் ஒன்றில் இலத்திரனியல் தராசும் வெக்யூம் பம்பும் வாங்கி, எடுத்த கிராம், ஏற்றிய கிராம் இரண்டையும் பில்லில் எழுதிக் கொடுக்கிறார்கள். கூலி மற்ற இடங்களை விட அதிகம். ஆனாலும் வேன்காரர்கள் முதல் நாளே டெலிபோன் எடுத்து நேரம் கேட்டுத்தான் அங்கே போகிறார்கள்.