ஆஸ்பத்திரிக் கடனைக் கேட்கிற முறை

அண்ணன் மகன் பண்டாரவளையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவில் சேர்ந்திருக்கிறான். முதல் மாதமே அவன் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டார்கள். பாக்கி வைத்தவரின் பெயர், தோட்டம், தொகை. பெரும்பாலும் நம் ஊவாத் தோட்டத்துப் பெயர்கள். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, “சித்தப்பா, காச வாங்காட்டி என் வேலை போகும். வாங்கப் போனா பாவமா இருக்கு. எப்பிடித்தான் கேக்கிறது?” என்றான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அவனைப் போல இந்த வேலை பார்க்கிற பிள்ளைகள் பதுளையிலும் வெலிமடையிலும் மொனராகலையிலும் இருப்பார்கள்.

முதலில் இந்தக் கடன் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். பதுளை போதனா வைத்தியசாலையிலோ தியத்தலாவை ஆதார வைத்தியசாலையிலோ சாதாரண வாட்டில் படுத்தவரிடம் யாரும் பில் நீட்டுவதில்லை. ஆனால் ஸ்கேனுக்கோ சத்திரசிகிச்சைக்கோ தவணை மாதக்கணக்கில் தள்ளிப் போகலாம். சில பரிசோதனைகளை வெளியில் செய்துகொண்டு வரச் சொல்வார்கள். 2022 நெருக்கடியின்போது மருந்தையே வெளியில் வாங்க வேண்டியிருந்தது. வலி பொறுக்காமல் ஒருநாள் இரவு த்ரீவீலர் பிடித்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறார்கள். நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் பாதிக்கு அருகே மக்கள் சொந்தப் பணத்திலிருந்து கட்டுகிறார்கள் என்பதை இலவச வைத்தியத்தின் பெருமைக்குள் நாம் மறந்துவிடுகிறோம்.

85,000 ரூபாய் பில் என்று வைத்துக்கொள்வோம். 2024 இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டம் அதை, அரசு தரும் 200 ரூபாயையும் சேர்த்து, 1,750 ஆக்குவதாகச் சொன்னது. அந்தக் கூடிய கணக்கிலேயே போட்டாலும் 49 முழுப்பேர், அதாவது 49 முழுநாள் உழைப்பு. அரைப்பேர் விழுந்த நாளும் மழைக்கு வேலை நின்ற நாளும் இதில் சேரவில்லை. சேமலாப நிதி, சங்கச் சந்தா, முற்பணம் எல்லாம் கழிந்த பிறகுதான் சம்பளம் கைக்கு வரும். அதனால் ஆஸ்பத்திரி முற்பணம் கட்டச் சொன்ன அன்றே தோடு அடகுக்கடைக்குப் போயிருக்கும், மிச்சத்துக்குக் கிழமைக் கடன் எடுத்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக் கடன் இப்படி ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறி வேறு பெயரில் லயத்துக்குள் உட்கார்ந்துவிடுகிறது. பட்டியலில் மிஞ்சி நிற்கும் பலர், அடகு வைக்க வேறு எதுவும் இல்லாதவர்கள்.

இனி சட்டம். ஆஸ்பத்திரி பாக்கி சிவில் கடன். பொலிஸுக்கு இதில் வேலையில்லை. “பொலிஸில் போடுவோம்” என்று பயமுறுத்துவது பொய்யான மிரட்டல். காசு கட்டும்வரை நோயாளியை வெளியே விடாமல் வைப்பதற்கும் எந்த ஆஸ்பத்திரிக்கும் அதிகாரமில்லை. ஒருவரைச் சட்டவிரோதமாகத் தடுத்துவைப்பது நம் தண்டனைச் சட்டக் கோவையில் குற்றம். கென்யாவில் பும்வானி மகப்பேற்று ஆஸ்பத்திரி பில் கட்டாத தாய்மாரைத் தடுத்துவைத்தது தவறு என்று அந்நாட்டு மேல் நீதிமன்றம் 2015 இல் தீர்ப்புச் சொன்னது.

வங்கிக்கு இருக்கும் குறுக்குவழி ஆஸ்பத்திரிக்குக் கிடையாது. 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டம் கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு மட்டுமே. ஆஸ்பத்திரி சாதாரண வழக்குத்தான் போட வேண்டும். அதற்கு முன்னாலும் ஒரு படி இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி, 85,000 போன்ற தொகைக்கான பிணக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போயாக வேண்டும். தீர்வு வரவில்லை என்ற சான்றிதழ் இருந்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும்.

நம்மவர்கள் இணக்கசபை என்று சொல்லும் அந்த இடத்தை அண்ணன் மகன் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். பெரும்பாலும் வார இறுதியில், ஒரு பள்ளிக்கூட அறையில் கூடும். லோயர் பேச இடமில்லை. கொழுந்து எடுக்கிற அம்மாவும் ஆஸ்பத்திரிக் கணக்குப் பிள்ளையும் ஒரே மாதிரி வாங்கில் உட்கார வேண்டும். மாதம் எவ்வளவு முடியும் என்று அங்கே நேருக்கு நேர் கேட்பார்கள். 3,000 என்று அந்த அம்மா சொன்னால் 85,000 தீர 29 மாதம் ஆகும். நீண்ட காலம்தான். ஆனால் முடிகிற கடன். 10,000 கட்டுகிறேன் என்று பயத்தில் ஒப்புக்கொண்டவர் மூன்றாம் மாதமே ஒளியத் தொடங்குவார், அல்லது இன்னொரு கிழமைக் கடன் எடுத்து உங்களுக்குக் கட்டுவார். அது வசூலில் சேராது. ஒரு குடும்பத்தை வட்டிக்காரரிடம் தள்ளிவிட்ட கணக்கு அது.

தீர்ப்பே கிடைத்தாலும் தொழிலாளியின் கூலியையும் உடுதுணி, படுக்கை போன்றவற்றையும் கைப்பற்ற முடியாதபடி சிவில் நடைமுறைக் கோவையின் 218 ஆம் பிரிவு காக்கிறது. குடியிருக்கும் லயமோ பெரும்பாலும் அவருடைய சொத்தே அல்ல. இது தெரிந்தும் துரைக்குப் போன் போட்டுச் “சம்பளத்தில் பிடித்துத் தாருங்கள்” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் தோட்டம் அப்படிப் பிடித்துக் கொடுக்கக் கூடாது. நம் மலைகளில் இது வெறும் சட்ட விஷயமும் இல்லை. கங்காணியிடம் பட்ட கடன் தீரும்வரை, துரை எழுதிய துண்டு இல்லாமல் ஒருவர் தோட்டம் மாற முடியாது என்றிருந்த காலம் 1921 இல்தான் சட்டத்தால் முடிந்தது. கடனும் சம்பளம் எழுதும் செக்ரோலும் ஒரே மேசைக்கு வந்தால் என்ன நடக்கும் என்று நம் பாட்டன் பூட்டனுக்குத் தெரியும்.

தபாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை யாரும் யோசிப்பதில்லை. பல லயங்களுக்குத் தனி விலாசம் இல்லை. கடிதம் தோட்டத்து ஒபிஸுக்கு வந்து, அங்கிருந்து கைமாறித்தான் வீடு சேரும். உறையின் மேல் ஆஸ்பத்திரியின் பெயரும் சிவப்பில் ‘இறுதி அறிவித்தல்’ என்றும் இருந்தால், கிளாக்கரய்யாவில் தொடங்கித் தொங்கல் லயம்வரை செய்தி பரவிவிடும். உள்ளே கர்ப்பப்பை சத்திரசிகிச்சை என்று எழுதியிருந்தால் அந்தப் பெண் எப்படி மலைக்குப் போவாள்? நம் நாட்டின் 2022 ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையாக வைத்திருக்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் வெற்று உறையில், நோயின் பெயர் இல்லாமல், தமிழில் எழுத வேண்டும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லச் சொல்லி அந்த வீட்டார் இன்னொருவரிடம் கொண்டுபோக வேண்டியிருக்கும். அதோடு ரகசியம் போயிற்று.

“அப்ப ஆஸ்பத்திரி எப்பிடி நடக்கும் சித்தப்பா?” என்றான். நியாயமான கேள்வி. தாதிக்குச் சம்பளமும் லேப்புக்கு இரசாயனமும் காசில்தான் வருகின்றன. வசதி இருந்தும் இழுத்தடிப்பவரிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டும், தேவையானால் வழக்கும் போடலாம். ஆனால் முறையான வசூல், நோயாளி உள்ளே வரும் நிமிடத்திலேயே தொடங்க வேண்டும். ஏறக்குறைய எவ்வளவு ஆகும் என்று தமிழில் சொல்லுங்கள். இதே சிகிச்சை பதுளைப் பெரியாஸ்பத்திரியில் இலவசம், உயிருக்கு அவசரமில்லை என்றால் அங்கே மாறலாம் என்பதையும் மறைக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டுங்கள். இதய சத்திரசிகிச்சை, புற்றுநோய், சிறுநீரக மாற்று போன்றவற்றுக்கு ஜனாதிபதி நிதியம் உதவுகிறது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். சேமலாப நிதியில் 30 வீதம்வரை வைத்தியத்துக்கு எடுக்க 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது; 10 ஆண்டுக்கு மேல் சந்தாவும் குறைந்தது 3 லட்சம் மீதியும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரு தாளில் அச்சிட்டுக் கவுண்டரில் வைக்க என்ன செலவு?

அமெரிக்காவில் மருத்துவக் கடன் பெரிய நோய். அங்கேகூட இலாப நோக்கற்ற ஆஸ்பத்திரிகள் முதல் பில் கொடுத்து 120 நாள் முடியும் முன் கடுமையான வசூலில் இறங்கக் கூடாது, 240 நாள்வரை உதவி விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் நாட்டில் கடன் வசூலிப்பவர்களைக் கட்டுப்படுத்தத் தனிச்சட்டம் இல்லை. அதனால் ஆஸ்பத்திரி தானே தனக்கு விதி எழுதிக்கொள்ள வேண்டும். வெளி வசூல்காரரிடம் பட்டியலை விற்காமலிருப்பது அதில் முதல் விதியாக இருக்கட்டும். கட்டவே முடியாதவரின் பாக்கியைத் தள்ளுபடி செய்ய ஒரு சிறு தொகையை வருடம் தோறும் ஒதுக்குவது இரண்டாவது.

தோட்டத்தில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கும் ஒன்று. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது நீட்டும் படிவத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 1871 ஆம் ஆண்டுச் சட்டப்படி, கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பேரில் 6 ஆண்டுவரை வழக்குப் போடலாம். வாய்ப்பேச்சுக்கு 3 ஆண்டுதான். பிணையாகக் கையெழுத்திட்டால் கடன் உங்களுடையதாகிவிடும். கையெழுத்திடாத பிள்ளைக்கு, இறந்துபோன தகப்பனின் பில் சொந்தக் கடன் ஆகாது. விவரமான பில்லைக் கேட்டு வாங்குங்கள், கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். யாராவது வாசலில் வந்து சத்தம் போட்டால், இணக்கசபைக்கு வரச் சொல்லுங்கள்.