எழுத்தும் ஊரும் – 11: 'ரீவி' பிழையா?

தமிழ்நாட்டிலிருந்து வந்து யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றை முதன்முறை கையில் எடுப்பவர் இரண்டாம் பக்கம் தாண்டுவதற்குள் முகம் சுளித்துவிடுவார். ரீவி, ரிக்கற், மார்க்கற், இன்ரநெற், ரொறன்ரோ. இவ்வளவு நல்ல தமிழ் எழுதுகிறவர்கள், பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த ஆங்கிலச் சொற்களை ஏன் இப்படிப் பிழையாக எழுதுகிறார்கள் என்ற கேள்வியைப் பலரும் கேட்டுவிட்டார்கள். இங்கே பிறந்து சென்னை வார இதழ்களை வாசித்து வளர்ந்த இளையவர்களும் இப்போது வெட்கப்பட்டு 'டிவி', 'டிக்கெட்' என்று மாற்றி எழுதுகிறார்கள். அந்த வெட்கத்துக்கு ஒரு காரணமும் இல்லை.

ஆங்கிலத்தின் 'ரீ' எழுத்தை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால், முரசில் போய்த் தட்டும். தமிழின் 'ட' வேறு இடத்தில் பிறக்கிறது. அதற்கு நாக்கை மேலே வளைக்க வேண்டும். 'த'வுக்கு நாக்கு பல்லைத் தொட வேண்டும். ஆங்கில ஒலி இவை இரண்டுக்கும் நடுவிலே நிற்கிறது. அந்த நடுவிடத்தில் பிறக்கும் வல்லினம் ஒன்று தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் ற். தொல்காப்பியப் பிறப்பியல் ற், ன் இரண்டையும் ஒன்றாக வைத்து, நாக்கு நுனி அண்ணத்தை ஒற்றப் பிறப்பவை என்கிறது. ர், ழ் இரண்டையும் வேறாக வைத்து, அவை அண்ணத்தை வருடப் பிறப்பவை என்கிறது. ஒற்றுவதும் வருடுவதும் வேறு வேறு வேலைகள்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இந்த ஒற்றும் ஒலி பேச்சிலிருந்து போய்விட்டது. 'காற்று' அங்கே வீட்டுப் பேச்சில் 'காத்து' ஆகிறது. மேடையில் ஏறினால் ட்-உம் ர்-உம் சேர்ந்து ஒலிக்கிறது. யாழ்ப்பாணத்திலோ காற்று, வெற்றி, சோற்றுப்பானை எல்லாம் அந்தப் பழைய ஒலியோடு இன்றும் வாயில் இருக்கின்றன. மலையாளத்திலும் இருக்கிறது. அந்த ஒலி காதில் இருக்கிறவருக்கு, ஆங்கிலச் சொல்லின் கடைசியில் வரும் ஒலி ட் ஆகக் கேட்காது. ற் ஆகத்தான் கேட்கும். 'ரிக்கற்', 'மார்க்கற்' என்று எழுதிய முதல் ஆள் காதைக் கூர்மையாக வைத்திருந்தவர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்வது பெரிய அநியாயம்.

'என்ர வீடு', 'உன்ர புத்தகம்' என்று எங்கள் கதைகளில் வருவதும் இதே ஒலிதான். அந்த ன்ர-வில் ர உருள்வதில்லை. 'ன்' முடிந்த இடத்திலேயே நாக்கு ஒற்றி எடுக்கிறது. யாழ்ப்பாணத் தமிழ் பேசுவதாக நினைத்து 'என்–ர' என்று பிரித்து ரகரத்தை உருட்டுகிற நடிகர்களைக் கேட்கும்போது இங்குள்ளவர்களுக்கு வருகிற எரிச்சல் நியாயமானது. எழுத்தைப் பார்த்தார்கள், ஆளைக் கேட்கவில்லை.

இந்த வழக்கத்தால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. தமிழ்நாட்டில் ஆங்கிலத்தின் இரண்டு வேறு எழுத்துகளுக்கும் 'டி' என்ற ஒன்றே போதும் என்று விட்டுவிட்டார்கள். இங்கே டி.எஸ். சேனநாயக்க வேறு, ரி.பி. இலங்கரத்ன வேறு. தலைப்பெழுத்தைப் பார்த்த உடனே எது எந்த எழுத்து என்று தெரிந்துவிடும். ரி.எம். சௌந்தரராஜன் என்று எங்கள் பத்திரிகைகள் எழுதுவதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

குறை இல்லையென்று நான் சொல்லமாட்டேன். தமிழ்ச் சொல் றகரத்தில் தொடங்காது என்ற மரபால், சொல்லின் தொடக்கத்தில் மட்டும் ற-வுக்குப் பதிலாக ர வந்து உட்கார்ந்தது. ரீவியும் ரொறன்ரோவும் அப்படிப் பிறந்தவை. பிறகு ஆங்கிலத்தின் உருளும் ஒலிக்கு எழுத்து வேண்டியிருந்தது. அதற்கு, மரபு தடுத்த அதே றகரத்தை எடுத்து றேடியோ, றோட்டு, றோயல் என்று எழுதினார்கள். அதாவது ர இருக்க வேண்டிய இடத்தில் ற, ற இருக்க வேண்டிய இடத்தில் ர. பழகியவருக்குச் சிக்கலில்லை. புதிதாக எழுத்துக் கூட்டுகிற பிள்ளைக்கு இது உண்மையான சிரமம். எல்லாரும் ஒரே சீராக எழுதுவதுமில்லை. ஒரே பத்திரிகையின் ஒரே பக்கத்தில் இரண்டு விதமும் வரும். இதை உட்கார்ந்து பேசித் திருத்தலாம். ஆனால் திருத்த வருகிறவர் முதலில் காரணத்தை அறிந்து வரவேண்டும்.

இனி மறுபக்கம்: எங்கள் ஊர்களை ஆங்கிலத்தில் எழுதுவது. வட்டுக்கோட்டையை ஆங்கிலத்தில் பார்த்த வெளியூர்க்காரர் 'வாடுகோடை' என்று வாசிப்பார். இரண்டு இடத்திலும் 'டி' எழுத்தை இரட்டித்திருப்பது அவருக்குப் பிழையாகப் படும். மாவிட்டபுரம், கரவெட்டி, கொட்டடி, வன்னியில் ஒட்டுசுட்டான், எல்லாவற்றிலும் அதே இரட்டை 'டி'. இதற்கும் கணக்கு உண்டு. 'ரீ' எழுத்து ற-வுக்குப் போய்விட்டது. வெற்றிவேலு என்ற பெயரை யாழ்ப்பாணத்தார் ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு 'ரீ' போடுவதைப் பாருங்கள். 'ரீ'-யோடு 'எச்' சேர்த்தால் த. மிச்சமிருந்த 'டி' ட-வுக்கு வந்தது. பல், முரசு, அண்ணம் மூன்றுக்கும் மூன்று அடையாளம். யாரும் சட்டம் போடாமல் ஊர்வழக்காக வளர்ந்த ஒழுங்கு இது.

இதே ஊரை வெள்ளைக்காரர் எழுதியதைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையைப் 'பற்றிக்கோட்டா' என்று எழுதினார்கள். 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்ட அந்தப் புகழ்பெற்ற செமினறிக்கும் அதுவே பெயர். உடுவில் அவர்கள் கையில் 'ஊடூவில்' ஆனது. தெல்லிப்பழை 'தில்லிப்பள்ளி' ஆனது. சி.வை. தாமோதரம்பிள்ளை படித்த இடத்தைப் பழைய ஆங்கில நூல்களில் தேடுகிற மாணவர், பற்றிக்கோட்டாவும் 1976ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் வட்டுக்கோட்டையும் ஒரே ஊர் என்று அறியாமல் திண்டாடுவதுண்டு. இரட்டை 'டி' வந்தபோது ஊர் தன் பெயரைத் தன் வாய்ப்படி எழுதிக்கொண்டது. அதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

ஆக, கோபம் எங்கே வரவேண்டும்? அரச பெயர்ப்பலகையில் வரவேண்டும். தெற்கில் ஓடிய பஸ் ஒன்றில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய இருக்கையின் மேல், 'தாய்' இருக்கவேண்டிய இடத்தில் 'நாய்' என்று எழுதியிருந்த படம் நாடெங்கும் பரவியது. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. த-வும் ந-வும் ஒன்றுபோலத் தெரியும் ஒருவர் வரைந்தார். அதைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. அடுத்த ஆண்டின் 16ஆம் திருத்தம் வடக்குக் கிழக்கில் தமிழை நிர்வாக மொழி என்றது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் சட்டம் வந்தது. தாளில் எல்லாம் இருக்கிறது. பலகைக்கு வரும்போது தமிழ், கடைசி நேரத்தில் ஒட்டப்படும் வரியாகிவிடுகிறது.

பிழை நுழையும் வழியும் தெரிந்ததுதான். ஒருவர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து அனுப்புவார். பலகை செய்கிறவரின் கணினியில் பாமினி இருக்காது. யூனிகோட்டில் அனுப்பினால், பழைய வடிவமைப்பு மென்பொருளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். 'கொ' மூன்று துண்டாகச் சிதறும். தமிழ் தெரிந்த கண்ணுக்கு ஒரு நொடியில் தெரியும் குறை. அந்தக் கண்ணுக்கு ஒரு ஆளை நியமிப்பது எந்தத் திணைக்களத்துக்கும் பெரிய செலவில்லை. போன கிழமை பார்த்த ஆறுமுக நாவலர், 1849இல் தன் சொந்த அச்சகம் வைத்த காலத்திலேயே, அச்சுப்பிழைக்கு இடம் கொடாத பதிப்புகளுக்குப் பெயர் எடுத்தவர். ஈய எழுத்தைக் கையால் ஒவ்வொன்றாகக் கோத்த காலம் அது.

எங்கள் ஊருக்குள்ளும் ஒரு பிழை மதில் மதிலாக ஒட்டப்பட்டிருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். ரியூசன் நிலையங்களின் விளம்பரங்களில் 'பயிற்ச்சி', 'முயற்ச்சி'. கடைகளில் 'விற்ப்பனை'. வளர்ச்சி, உணர்ச்சி என்று ர்-க்குப் பின் ச் வருவதைப் பார்த்து, ற்-க்கும் அதையே செய்கிறார்கள். ற் தானே ஒரு வல்லின மெய். நாக்கு ஏற்கெனவே ஒற்றி நின்றுவிட்டது. இன்னொரு வல்லின மெய் அதன் மேல் ஏறாது. பயிற்சி, முயற்சி, விற்பனை, கற்பனை. ரிக்கற் என்று கூசாமல் எழுதத் தெரிந்த ஊருக்கு ற் என்ன எழுத்து என்று தெரியாமல் போகக்கூடாது. வாசலில் இந்தப் பலகை தொங்கும் ரியூசன் ஆசிரியர்கள் அதை இந்தத் தவணை முடிவதற்குள் மாற்றிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தும் கடவுச்சீட்டில் வேறோர் எழுத்துமாக வரும் பெயர்களின் கதை அடுத்த கிழமை.