இயேசு பேசிய மொழி

பைபிள் எந்த மொழியில் எழுதப்பட்டது என்று கேட்டால், பழைய ஏற்பாடு எபிரேயம், புதிய ஏற்பாடு கிரேக்கம் என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் இரண்டு ஏற்பாடுகளிலும் மூன்றாவது மொழி ஒன்று தலைகாட்டுகிறது: அரமேயம். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இன்றைய சிரியாவில் வாழ்ந்த அரமேயர்களின் மொழி அது. எபிரேயத்துக்கு நெருங்கிய சொந்தம், ஆனாலும் தனி மொழி. மகனை எபிரேயத்தில் 'பென்' என்பார்கள், அரமேயத்தில் 'பர்'. பர்திமேயு, பர்த்தொலொமேயு என்ற பெயர்களின் முன்னால் நிற்பது அந்த 'பர்'தான். அரமேயர்கள் பேரரசு எதையும் கட்டி ஆளவில்லை. அவர்கள் மொழியை வளர்த்துவிட்டவர்கள் அசீரியரும் பாபிலோனியரும் பாரசீகரும். களிமண் பலகையில் நூற்றுக்கணக்கான ஆப்பெழுத்துகளைப் பதிப்பதைவிட, வெறும் 22 எழுத்துகளைத் தோலில் மையால் எழுதுவது எழுத்தர்களுக்கு எவ்வளவோ சுலபம். பாரசீகப் பேரரசில் எகிப்துவரை அதுவே அலுவல் மொழியானது.

அந்த அலுவல் வாடை எஸ்றா நூலில் அப்படியே வீசுகிறது. எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்டுவது பற்றி அரசருக்குப் போன கடிதங்களும் அங்கிருந்து வந்த உத்தரவுகளும் அதில் அரமேயத்திலேயே இருக்கின்றன. தமிழ் நாவலுக்குள் ஆங்கில அரசாணையை அப்படியே ஒட்டிவைத்தது போல. தானியேல் நூல் இன்னும் வியப்பு. 2ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்தில் கல்தேய ஞானிகள் அரசனிடம் பேசத் தொடங்கியதும், வசனத்தின் நடுவிலேயே மொழி மாறுகிறது; 7ஆம் அதிகாரம் முடியும்வரை அரமேயம்தான்.

இனி எல்லோரும் இடறும் இடத்துக்கு வருவோம். கலிலேயாவில் இயேசு மக்களிடம் பேசியது பெரும்பாலும் அரமேயம். ஆகவே சுவிசேஷங்களின் மூலமும் அரமேயமாகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நியாயமான ஊகம்தான், ஆனால் நம் கையில் உள்ள நூல்கள் அப்படிச் சொல்லவில்லை. மாற்கு 5ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இறந்த சிறுமியின் கையைப் பிடித்து இயேசு சொன்ன அரமேயச் சொற்களை மாற்கு அப்படியே தருகிறார். உடனே பொருளும் சொல்கிறார். அரமேயம் தெரியாத வாசகருக்காக எழுதியதால்தான் அந்த விளக்கம். யோவான் 3இல், மறுபடியும் பிறக்க வேண்டும் என்று இயேசு சொன்னதைக் கேட்டு நிக்கொதேமு என்ற யூதத் தலைவர் குழம்புகிறார். அதற்குக் காரணமான கிரேக்கச் சொல்லுக்கு 'மறுபடியும்', 'மேலிருந்து' என இரு பொருள். அந்த உரையாடல் கிரேக்கத்தில்தான் சரியாகப் பொருந்துகிறது. அலெக்சாந்தருக்குப் பிறகு மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையெங்கும் பொதுமொழி கிரேக்கம்; செய்தி நாலு ஊருக்குப் போக வேண்டுமானால் அதில் எழுதுவதுதான் வழி. சீடர்களின் நினைவில் இருந்தது அரமேயம், ஏட்டில் ஏறியது கிரேக்கம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

அரமேயம் அத்தோடு நின்றுவிடவில்லை. யூதர்கள் வேதத்தை அதில் பெயர்த்த நூல்களே தர்கும்கள். யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதின் பெரும்பகுதியும், இறந்தவர்களுக்காக இன்றும் சொல்லும் கத்தீஷ் வேண்டுதலும் அரமேயம். எபிரேயத்தை இன்று எழுதும் சதுர எழுத்துகூட அரமேயரிடமிருந்து வந்ததே. கிறிஸ்தவர்களிடம் அது எதெஸ்ஸா நகரின் வழக்கான சுரியானியாக வளர்ந்தது. அந்த மொழியின் பைபிள் பெஷித்தா. நம் பக்கத்துக் கேரளத்தில் சீரோ மலபார் திருச்சபையின் பூசை 1962 வரை சுரியானியில்தான் நடந்தது.