எழுத்துருவுக்குள் அடைபட்டுக் கிடக்கும் எமது ஏடுகள்

தமிழர் கூடுமிடங்களில் அரசியல் வாதம் ஓய்ந்த பின்னரும் ஓயாது தொடரும் வாதங்கள் சில உள்ளன. 'கணினி' சரியா, 'கணனி' சரியா என்பது அவற்றுள் ஒன்று. தமிழைத் தட்டச்சு முறையில் அடிப்பதா, ஆங்கில ஒலிப்பு முறையில் அடிப்பதா என்பது மற்றொன்று. ரொறன்ரோ என்று எழுதுவதா, டொராண்டோ என்று எழுதுவதா என்பது இன்னொன்று. தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட வேண்டிய இவ்வாதங்கள் முப்பது ஆண்டுகளாகியும் முடியவில்லை. வேலையற்றோர் பேச்சு என்று இவற்றை ஒதுக்கிவிடுவோரும் உளர். ஆயினும் எழுத்துரு பற்றிய வாதம் மட்டும் வெறும் வாதமாக நின்றுவிடவில்லை. புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் வீடுகளில் பழைய தட்டுக்களிலும் கணினிகளிலும் கிடக்கும் தமிழ்க் கோப்புகளை எமது பிள்ளைகள் படிப்பார்களா, மாட்டார்களா என்பது அதிலேதான் தங்கியிருக்கின்றது.

கடந்த நூற்றாண்டின் தொண்ணூறுகளில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் எம்மவர் எழுதிக் குவித்தவை கொஞ்சமல்ல. கோயில் திருவிழா மலர்கள், பழைய மாணவர் சங்க மலர்கள், தமிழ்ப் பாடசாலைப் பயிற்சி நூல்கள், அந்தியேட்டி நாளில் உறவினர்க்கு வழங்கும் கல்வெட்டுகள், சஞ்சிகைகள், கடை விளம்பரங்கள் எனப் பட்டியல் நீளும். தஞ்சம் கோரி நின்றவர்கள் தமது கதையைத் தமிழில் எழுதி மொழிபெயர்ப்பாளரிடம் ஒப்படைத்த வாக்குமூலங்களும் அவற்றுள் அடங்கும். இவற்றுட் பெரும்பாலானவை 'பாமினி' என்ற எழுத்துருவிலே அடிக்கப்பட்டவை. தமிழகத்தில் வேறு எழுத்துருக்கள் பல வழக்கிலிருந்த காலத்தில், ஈழத்தமிழரிடையே மிகப் பரவலாக வழங்கியது பாமினியே.

பாமினியின் சூட்சுமம் மிக எளிமையானது. கணினிக்கு அது தமிழைக் கற்பிக்கவில்லை. ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் வேடம் பூட்டியது, அவ்வளவே. 'தமிழ்' என்று ஒருவர் அடித்தால் கோப்பினுள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகும். 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச். இகரத்துக்கு ஒதுக்கிய இடம் காற்புள்ளியின் இடமாதலால், இலங்கை என்னும் பெயர் கோப்பினுள் காற்புள்ளியிலேயே தொடங்குகின்றது. பாமினி நிறுவப்பட்டுள்ள கணினியில் இக்கோப்பைத் திறந்தால் தமிழ் தெரியும். அது இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தெரியும். அந்தக் கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழ் ஒருபோதும் இருந்ததேயில்லை.

இது ஏன் இவ்வாறு அமைந்தது என்று கேட்பது நியாயம். அக்காலக் கணினி ஓர் எழுத்துருவில் 256 இடங்களையே அறியும். அதிற் பாதி ஆங்கிலத்துக்கும் அதன் குறிகளுக்கும் உரியது. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துக்கள். கொம்பையும் அரவையும் தனித்தனியே வைத்துச் சிக்கனம் பண்ணினாலும், கு, சு, டு என உகர ஊகார வரிசைகள் மெய்க்கு மெய் வடிவம் மாறுவதால் இடம் போதாது. ஆகவே ஆங்கிலத்தின் இருக்கைகளையே தமிழுக்குக் கொடுத்தனர். அவ்வாறு கொடுத்தபோது, விசைகளின் வரிசையைப் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியிலிருந்து எடுத்துக்கொண்டனர். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா, இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்துப் புகழ்பெற்றவர். அவ்வழி வளர்ந்த முறையில் நடுவரிசை விசைகள் ய, ள, ன, க, ப என்று தொடங்கி த, ம, ட எனச் செல்லும். ஊரிலே தட்டச்சு வகுப்புக்குச் சென்றிருந்த ஒருவர் பாரிசிலோ சூரிச்சிலோ கணினியின் முன் அமர்ந்தபோது, விரல்கள் தாமாகவே இடமறிந்து சென்றன. பாமினி இவ்வளவு விரைவாகப் பரவியதற்கு இதுவே முதற் காரணம் என்பது எமது கருத்து.

அதன் தொல்லைகளும் அதன் எளிமையிலிருந்தே பிறந்தன. பாமினியில் ஆங்கிலச் சிற்றெழுத்து 'த' என்றால், அதே விசையின் பேரெழுத்து 'து'. வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே பேரெழுத்தாக்கும் பழக்கம் ஆங்கிலச் சொற்செயலிகளுக்கு உண்டு. அப்பழக்கத்தை நிறுத்தி வைக்காதவர்களின் கோப்புகளில் தமிழ் 'துமிழ்' ஆனது; அம்மா 'ஆம்மா' ஆனாள். அச்சுக்குப் போகும் முன்னர் கண்டுபிடிக்கப்படாத 'துமிழ்' எத்தனை மலர்களில் ஏறியிருக்கும் என்பதை அவற்றின் தொகுப்பாசிரியர்களே அறிவர்.

தமிழகத்திலும் நிலைமை மேம்பட்டதாக இருக்கவில்லை. நாளேடுகள் பல, தத்தம் இணையப் பக்கங்களைப் படிப்பதற்குத் தத்தம் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்டன. ஓர் ஏட்டின் எழுத்துருவால் மற்றோர் ஏட்டைப் படிக்க இயலாது. இந்தக் குழப்பத்துக்கு முடிவு காண 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலானோர் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினர். 1999ஆம் ஆண்டு பெப்ரவரியில் சென்னையில் இரண்டாவது மாநாடு நடைபெற்றது. தமிழக அரசு அதனையொட்டித் 'தமிழ் 99' என்ற விசைப்பலகையையும், 'டாம்', 'டாப்' என்ற இரு குறியீடுகளையும் அறிவித்தது. இதற்கிடையில் பல நாடுகளில் வாழ்ந்த ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே வாதாடி 'திஸ்கி' என்ற குறியீட்டை உருவாக்கினர். ஆங்கிலத்தை அதன் இடத்தில் விட்டுவிட்டு, மேற்பாதியில் தமிழை வைத்த ஏற்பாடு அது. ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் எழுத வேண்டிய எம் போன்றோருக்கு அது பெரிதும் பொருந்தியது. இருந்தும், ஒரு தரம் வேண்டுமென்று தொடங்கிய முயற்சி மூன்று தரங்களில் வந்து நின்றது. தமிழர் விவகாரங்களில் இது புதுமையானதன்று.

விசைப்பலகை வாதத்தில் எல்லாக் கட்சியினர்க்கும் ஓரளவு நியாயம் உண்டு. தமிழ் 99 முறையில் உயிர்கள் இடக்கைக்கும், மிகுதியாக வரும் மெய்கள் வலக்கைக்கும் அமைந்துள்ளன. ககரத்தை இருமுறை அடித்தால் முதலாவது தானே புள்ளி பெற்று 'க்க' ஆகும். தமிழின் இயல்பையறிந்து அமைத்த முறை அது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இங்கு பிறந்த பிள்ளைக்குத் தெரிந்தது ஆங்கில விசைப்பலகை மட்டுமே. அப்பிள்ளையைத் தமிழில் ஒரு வரி எழுத வைப்பதற்கு ஒலிப்பு முறையே வழி. ஒலிப்பு முறையின் குறையோ, அது தமிழை ஆங்கிலத்தின் வழியாக எண்ண வைக்கின்றது என்பது. ந, ன, ண மூன்றும் ல, ள, ழ மூன்றும் ஆங்கிலக் காதுக்கு ஏறத்தாழ ஒன்றே. வகுப்பில் ஆசிரியை ஆறு மாதம் பாடுபட்டுப் பிரித்துக் காட்டியதை விசைப்பலகை ஒரு மாதத்தில் மறக்கடித்துவிடும் என்று தமிழாசிரியர்கள் அஞ்சுவதில் பொருளுண்டு. எவ்விதமாயினும் பிள்ளை எழுதட்டும், 'ழ'கரத்தைப் பின்னர் திருத்தலாம் என்பதே எமது கட்சி.

இவ்வாதங்கள் நடந்துகொண்டிருந்தபோதே, தமிழரைக் கேளாமல் வேறோரிடத்தில் காரியம் முடிந்திருந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991ஆம் ஆண்டிலேயே வெளியாகிவிட்டது. இந்திய அரசு தன் மொழிகளுக்கென வகுத்திருந்த குறியீட்டை அடியொற்றித் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. க் என்ற மெய்க்கன்றிக் க என்ற அகரமேறிய மெய்க்கே இடம் கிடைத்தது. புள்ளி தனிக் குறியாயிற்று. தொல்காப்பியம் தொட்டு மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்று படித்து வந்தவர்களுக்கு இது தலைகீழ்ப் பாடமாகத் தோன்றியதில் வியப்பில்லை. கொரிய மொழியின் 11,172 அசைகளுக்கும் 1996ஆம் ஆண்டு தனித்தனி இடம் அளித்தவர்கள், தமிழின் 216 உயிர்மெய்களுக்கு இடமில்லை என்பது எவ்வகை நீதி என்று அறிஞர் பலர் கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஆனால் அக்கேள்வி உரத்து எழுந்தபோது காலம் கடந்துவிட்டது. அரசுகளும் பெருநிறுவனங்களும் அமர்ந்த அந்த மேசையில் ஈழத்தமிழர்க்கு நாற்காலி இருக்கவில்லை. தமிழக அரசும் அன்று அங்கு இல்லை. 2010ஆம் ஆண்டு தமிழக அரசு ஒருங்குறியையே ஏற்றுக்கொண்டு, அது இயலாதவிடத்து எல்லா உயிர்மெய்க்கும் இடமளிக்கும் வேறொரு குறியீட்டைப் பயன்படுத்தலாம் என்று ஆணையிட்டது. அதற்குள் உலகின் கணினிகளும் கைத்தொலைபேசிகளும் ஒருங்குறியின் பக்கம் சென்றுவிட்டன. விண்டோஸ் 2000 பதிப்பிலேயே ஒருங்குறித் தமிழ் வந்து சேர்ந்திருந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு நாம் கொடுத்த விலை கைத்தொலைபேசியில் வெளிப்படையாகவே தெரிந்தது. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலத்தில் 160 எழுத்துக்கள் அடங்கும். தமிழில் எழுதினால் 70 குறிகளே அடங்கும். புள்ளியும் கொம்பும் அவற்றிலே எண்ணப்படும். ஒரு செய்தியாகச் செல்ல வேண்டியது இரண்டு மூன்றாகிக் கட்டணமும் பெருகியது. காசை எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகியதில் இதற்குப் பங்குண்டு. இளையவர்க்குத் தமிழ்ப் பற்றில்லை என்று குறைகூறுவோர் தொலைபேசிக் கட்டணத்தையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

எழுத்துக்கூட்டல் பற்றிய வாதமும் இன்று புதிய பொருள் பெற்றுள்ளது. ஆங்கிலத்தின் 'ரி' என்ற ஒலி நுனிநா அண்பல்லில் பிறப்பது. எமது பேச்சில் ற்றகரமும் அவ்விடத்தையே அணுகும். ஆதலால் ஈழத்தவர் ரொறன்ரோ, ரிக்கற் என எழுதுவது பிழையன்று, செவி கண்ட வழி அது. தமிழகத்தார் டகரம் இடுவது அவர்தம் மரபு. நோர்வே - நார்வே, ஜேர்மனி - ஜெர்மனி என்பனவும் அவ்வாறே. மனிதர்க்கு இவை ஒன்றெனப் புரியும். தேடல் பொறிக்கோ இவை வெவ்வேறு எழுத்துத் தொடர்கள். சிலவற்றை ஒன்றெனக் காணப் பொறி பழகியிருக்கலாம். ஆனால் பெருந்தொகையினர் எழுதும் வடிவத்தையே அது முதலில் நீட்டும். ஆகையால் எமது வடிவத்தைக் கைவிட வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஒரு கட்டுரையில் ஒருமுறையேனும் மற்றைய வடிவத்தையும் எழுதிவைத்தால், தேடுவோர் கையில் அது அகப்படும்.

இனிப் பழைய கோப்புகளுக்கு வருவோம். பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 'பொங்குதமிழ்' என்னும் எழுத்துரு மாற்றி எம்மவரிடையே நன்கு அறியப்பட்டது. எனினும் எந்தக் கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. பாமினியில் ஒளகாரக் குறியின் பின்பாதிக்கும் 'ள' என்ற எழுத்துக்கும் விசை ஒன்றே. எனவே 'கௌரவம்' என்பதில் உள்ள 'கௌ'வையும் 'கெள' என்ற ஈரெழுத்தையும் கருவியால் பிரித்தறிய முடியாது. 'வெளியீடு', 'வெள்ளி' முதலிய சொற்களில் 'வெ'வையும் 'ள'வையும் சேர்த்து 'வௌ' ஆக்கிவிட்டு, எஞ்சிய குறியை அந்தரத்தில் தொங்கவிடும் மாற்றிகள் உள. இணையத்தில் அவ்வாறு சிதைந்த 'வெள்ளிக்கிழமை'யைக் கண்டவர்கள், அதன் பின்னால் ஒரு பாமினிக் கோப்பு இருந்ததென்று ஊகிக்கலாம். கோப்பின் இடையே வரும் ஆங்கிலப் பெயர்களும் தெருக்களும் மற்றொரு தொல்லை. கருவி அவற்றையும் பாமினியென்றே எண்ணித் தமிழாக்கி, எவர்க்கும் விளங்காத சொற்களைத் தரும். ஆங்கிலப் பகுதிகளை முன்னரே பிரித்தெடுத்து வைத்துவிட்டு மாற்றுவது நன்று.

மலர்களின் நிலை இன்னும் சிக்கலானது. அவற்றுட் பல 'பேஜ்மேக்கர்' என்ற செயலியிற் கோக்கப்பட்டவை. அதன் இறுதிப் பெரும் பதிப்பாகிய ஏழாவது பதிப்பு 2001ஆம் ஆண்டில் வெளியானது. பின்னர் அது கைவிடப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த 'இன்டிசைன்' செயலியும், சிஎஸ் 6 பதிப்புக்குப் பின்னர் அக்கோப்புகளைத் திறப்பதில்லை. பழைய பதிப்பு வைத்திருக்கும் அச்சகத்தார் எவரேனும் உங்கள் நகரில் இருப்பின், அவர் ஓய்வு பெறுமுன் அவரை நாடுவது உத்தமம். நெகிழ்தட்டுக்களில் உள்ளவற்றை இன்னும் பிரதி எடுக்காதவர்கள் காலந் தாழ்த்தலாகாது. காந்தப் பூச்சு காலப்போக்கில் அழியும். பாமினி எழுத்துருக் கோப்பையும் மூலக் கோப்புகளுடன் சேர்த்தே வைத்திருத்தல் வேண்டும். மாற்றிய பின்னரும் மூலத்தை அழித்துவிடக் கூடாது.

மாற்றம் இயலாத காரியமன்று என்பதற்குச் சான்று உண்டு. சுவிற்சர்லாந்தின் லோசானில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் 1998ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தொடக்க கால இலக்கியக் கோப்புகள் பழைய குறியீடுகளில் இருந்தன. தொண்டர்கள் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினர். 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எவரும் படிக்கத் திறந்து வைத்திருக்கின்றது. கல்வெட்டோ ஊர்ச்சங்க மலரோ அச்சுப் பிரதியாக வீட்டிலிருப்பின், கோப்போடு மல்லுக்கட்டுவதை விட்டு அதனைப் படமெடுத்துச் சேர்ப்பிப்பதே சுருக்க வழி. அச்சுத் தமிழைப் படித்து எழுத்தாக்கும் கருவிகளும் இப்போது ஓரளவு நன்றாகவே இயங்குகின்றன.

தஞ்சக் கோரிக்கை நடைபெறுவோர் கவனத்துக்கு ஒன்று. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதிக் கொடுப்பதாயின் ஒருங்குறியிலேயே எழுதுங்கள். கைத்தொலைபேசியில் அடிப்பது ஒருங்குறியேயாகும். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால், சட்டத்தரணியின் கணினியில் அது தமிழாகத் தெரியாமற் போகலாம். கோப்புடன் அச்சிட்டு ஒப்பமிட்ட பிரதி ஒன்றையும் கொடுத்து, இன்னொன்றை உங்கள் கைவசம் வைத்திருங்கள். மேன்முறையீட்டில் மொழிபெயர்ப்புப் பற்றிக் கேள்வி எழுந்தால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அந்தத் தமிழ்ப் பிரதி வேண்டும்.