பெட்டியில் அச்சிட்ட எண்ணும் படத்தில் கிடைக்கும் எண்ணும்

ஆனேக்கல்லில் உள்ள எங்கள் வீட்டுப் பரணைத் தூய்மை செய்தபோது, என் தந்தையார் எடுத்த சுமார் 400 நெகட்டிவ்கள் ஒரு தகரப் பெட்டியில் கிடைத்தன. உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' கருப்பு வெள்ளைச் சுருள்களும், பிற்கால வண்ணச் சுருள்களும், முத்யாலமடுவு அருவியில் எடுத்த சில ஸ்லைடுகளும் அவற்றுள் இருந்தன. சில சுருள்களில் காடியின் நெடி வீசியது. அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கியதன் அடையாளம் அது. வெப்பமும் ஈரமும் அச்சிதைவை விரைவுபடுத்தும். மறைந்த என் பாட்டியின் ஒரே உருவமும் அத்தகைய ஒரு சுருளில்தான் இருந்தது.

அலுவலகங்களில் உள்ள சாதாரண ஸ்கேனர் இதற்குப் பயன்படாது. அது தாளில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படிப்பது. ஃபிலிமுக்கோ ஒளி ஊடுருவ வேண்டும். எனவே, மூடியிலும் விளக்குள்ள பிளாட்பெட் ஸ்கேனரும், சுருளைத் தட்டையாகப் பிடிக்கும் சட்டமும் தேவை.

கடன் விளம்பரத்தின் வட்டியை மட்டும் பாராமல், கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் கேளுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் நாங்கள் கூறுவதுண்டு. ஸ்கேனருக்கும் அது பொருந்தும். பெட்டியில் 6400 டிபிஐ, அதாவது அங்குலத்திற்கு 6400 புள்ளிகள் என்றிருக்கும். ஆனால், சோதனைகளில் இவ்வகைக் கருவிகள் பலவும் ஏறக்குறைய 1500 முதல் 2300 வரையிலான நுணுக்கத்தையே தருகின்றன.

நண்பர் ஒருவரின் ஸ்கேனரில் பாட்டியின் படத்தை 2400, 6400 ஆகிய இரு அளவுகளில் எடுத்துப் பார்த்தேன். கோப்பு ஏழு மடங்கு பெருத்தது. பாட்டியின் தோட்டில் ஒரு கல்கூடக் கூடுதலாகத் தெரியவில்லை. 35 மி.மீ. ஃபிலிமை 2400-இல் எடுத்தால் சுமார் 77 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். ஏ4 அளவு அச்சுக்கு அது ஏறக்குறையப் போதுமானது. அகலமான 120 சுருளுக்குப் பிளாட்பெட் மிகவும் ஏற்றது. 35 மி.மீ. படத்தைப் பெரிதாக்கி அச்சிட வேண்டுமெனில், அந்தச் சிலவற்றை மட்டும் ஃபிலிம் ஸ்கேனர் வைத்திருப்போரிடம் கொடுக்கலாம்.

தூசியை அகச்சிவப்பு ஒளியால் கண்டறிந்து நீக்கும் வசதிக்காகக் கூடுதல் விலை கேட்பார்கள். வண்ண ஃபிலிமுக்கு அது நல்ல துணை. வெள்ளித் துகள்களால் ஆன கருப்பு வெள்ளை ஃபிலிமில் அது செயல்படாது. அந்த வெள்ளி அகச்சிவப்பு ஒளியையும் மறைத்துவிடும். அங்கு காற்றூதும் பந்தும் பொறுமையுமே கைகொடுக்கும்.

நேரத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு படத்திற்கு நான்கு நிமிடம் என்றாலும் 400 படங்களுக்கு 26 மணி நேரத்திற்கு மேலாகும். ஆகவே காடி நெடி வீசுபவற்றைப் பிரித்து வைத்து, அவற்றை முதலில் எடுத்துவிடுங்கள்.

வீட்டுப் படங்களுக்கு இத்துணை உழைப்பு தகுமா என்று தோன்றலாம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையுடன், தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களை எண்மமாக்கியுள்ளது. அவையும் குடும்பங்கள் தமக்காக எடுத்துக்கொண்ட படங்களே.

பாட்டியின் படம் இப்போது இரண்டு வன்தட்டுகளில் உள்ளது. ஒன்று ஆனேக்கல்லில், மற்றொன்று ஓசூரில் தங்கையின் வீட்டில். நெகட்டிவ்களை நான் எறியவில்லை. காகித உறைகளிலிட்டு, பரணின் வெப்பம் தீண்டாத கீழறை அலமாரியில் வைத்துள்ளேன். வன்தட்டு பழுதானால், மீண்டும் தொடங்குவதற்கு அவைதாம் மூலதனம்.