மூன்று பிள்ளைகள், ஒரு கட்டில், 21,000 ரூபாய்

படுத்த படுக்கையாகிவிட்டவருக்கு ஒரு நாளைக்கு நான்கு டயபர் வேண்டும். ஒன்று 40 ரூபாய் என்று வைத்தால் மாதம் 4,800. தமிழக அரசு 2023-இல் முதியோர் உதவித்தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கியது. அது முப்பது டயபருக்குச் சரி. ஏழரை நாள் ஓடும். எழுபது வயது நிரம்பியவர்களுக்கு மத்திய அரசு 2024 அக்டோபரில் விரிவாக்கிய 5 லட்ச ரூபாய்க் காப்பீடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். வீட்டுக் கட்டிலுக்கு அதில் பைசா கிடையாது.

மருந்து, கையுறை, பஞ்சு, கஞ்சி மாவு, காற்று மெத்தை என்று சேர்த்துக்கொண்டே போனால் சிக்கனமான வீட்டிலும் 9,000 ஆகிவிடும். இதெல்லாம் ரசீது உள்ள செலவு.

ரசீது இல்லாதது வேறு. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்வார்கள். நாளைக்கு 12 தடவை, மாதத்துக்கு 360. தடவைக்கு ஐந்தே நிமிடம் என்றாலும் 30 மணி நேரம். இரவு பத்துக்குப் படுத்து ஆறுக்கு எழுகிறவர் நடுவில் 12, 2, 4 என்று மூன்று முறை எழுந்தாக வேண்டும். துடைப்பது, ஊட்டுவது, துவைப்பது, கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டாலும் பதில் சொல்வது எல்லாம் சேர்த்து நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் அது குறைத்துச் சொல்வதுதான்.

செய்வது யார் என்பதில் மர்மம் இல்லை. 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் (குழந்தை வளர்ப்பும் சேர்த்துத்தான்) ஈடுபட்ட பெண்கள் நாளுக்கு 134 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 76. இந்த வேலை குறையப்போவதும் இல்லை. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அறுபது தாண்டியவர்கள் 2011-இல் 10.4 சதவீதம், 2031-இல் 18.2 ஆகும் என்பது கணிப்பு. கட்டில்கள் கூடத்தான் போகின்றன.

இனி பங்கு பிரிப்போம். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் 9,000-ஐ ஆளுக்கு 3,000 என்று பிரித்துவிட்டு நியாயம் செய்துவிட்டதாக நினைப்பார்கள். வெளியிலிருந்து ஆள் வைத்தால் பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு 800 ரூபாய் என்று கொள்வோம். மணிக்கு ஏறக்குறைய 67. ஆறு மணி நேரத்துக்கு 400, மாதம் 12,000. ஆக, உண்மையான செலவு 21,000. ஒரு பங்கு 7,000. அம்மாவை வைத்துப் பார்க்கிற பிள்ளையின் வீடு 12,000-ஐ உழைப்பாகவே கொடுத்துவிட்டது. மற்ற இருவரும் ஆளுக்கு 7,000 போட்டால் 9,000 ரூபாய்ச் செலவு போக, 5,000 அந்த வீட்டுக்குச் சேர வேண்டும்.

"பெத்தவளைப் பார்க்கக் கூலியா?" என்று ஒரு குரல் எழும். பெரும்பாலும் மாதமொருமுறை ஆப்பிள் பையோடு வந்துபோகிறவரின் குரல்.

பணத்தைக் கையில் வாங்க அந்த வீட்டுப் பெண்ணுக்கே கூச்சமாக இருக்கலாம். அப்படியானால் 5,000-க்கு ஆறு ஷிப்ட் ஆள் வரும், மிச்சம் 200. பங்கை முழுக்கக் காசாக அனுப்ப முடியாதவர் அந்த ஆறு ஷிப்டுக்குத் தானே வந்து உட்காரலாம், அதுவும் அதே விலைதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிநிவாரண சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியலாம். முதியோர் உதவி எண் 14567. பார்த்துக்கொள்பவருக்கே மனம் விட்டுப்போனால் மனநல உதவி எண் 14416.

அந்த ஆறு ஷிப்டில் இரண்டையாவது இரவு ஷிப்டாகக் கேளுங்கள். வருகிற ஆளுக்கு 12, 2, 4 என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தினமும் பார்த்துக்கொள்பவர் வேறு அறையில் படுக்கட்டும்.